அழைக்கப்பட்ட ரசிகர்கள்

வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவர் தன் இரண்டு கைகளைத் தட்டினால் முந்நூறு பேர் தட்டுகிற சத்தம் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே இது தெரியவந்தது. அன்று ஒரு வயலின் வித்வான் ஆளில்லாத கூடத்தில் ஒரு மணி நேரம் உருகி உருகி வாசித்துவிட்டு, வில்லைக் கீழே வைத்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவைத் திறக்கப் போனவருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாமாவது தட்டுவோமே என்று தட்டினார். கூடம் அதிர்ந்தது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் நிதானமாகத் தட்டுவதும், பின்வரிசை இளவட்டங்கள் விசிலடிக்காத குறையாகத் தட்டுவதும், நடுவில் யாரோ இருமுவதும், ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்குவதும் தனித்தனியாகக் கேட்டன. வித்வான் எழுந்து நாலா பக்கமும் தலை வணங்கினார். ஒலிப்பதிவுக்காரர் கருவியின் முள் சிவப்பில் போய் முட்டிக்கொண்டதைப் பார்த்து, ஒலிவாங்கிக்கு என்ன ஆகுமோ என்று மட்டும் கவலைப்பட்டார். மற்றபடி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கூடத்தின் குளிர்சாதனம் ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடினால்தான் அதிசயம் என்று பேசிக்கொள்ளும் இடம் அது.

ரசிகர்களை உட்காரவைத்துக் கச்சேரிகளை ஒலிபரப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்த சமயம். ஆனால் ஆள் பிடிப்பது லேசான காரியமாக இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டின் நடுவே எழுந்து போனார்கள், போகாதவர்கள் குறட்டை விட்டார்கள். கதவுக்காரரின் கைகள் இருக்கும்போது அந்தத் தொல்லை எதற்கு என்று முடிவாயிற்று. அறிவிப்பாளர் அம்மா "அழைக்கப்பட்ட ரசிகர்கள் முன்னிலையில்" என்று வாய் கூசாமல் சொல்லத் தொடங்கினார். அதில் பொய்யும் இல்லை. கதவுக்காரரை அழைத்துத்தான் இருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சபையார் என்று பேராகிவிட்டது. காய்ச்சலில் படுத்தால், "இன்னிக்கு சபை லீவு" என்று கச்சேரியைத் தள்ளிவைத்தார்கள். பாடுகிற கூடத்திலேயே தட்டினால் ஒலிவாங்கி தாங்காது என்பதால், பழைய இசைத்தட்டுகள் கிடந்த ஒரு சின்ன அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு ஒலிபெருக்கி, ஒரு ஒலிவாங்கி, ஒரு பச்சை விளக்கு. கூடத்தில் பாடுவது மட்டும் அந்த ஒலிபெருக்கியில் வரும். அறிவிப்பாளரின் அறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கே பேசுவது நேராக ஊருக்குப் போய்விடும், சபையாரின் அறைக்கு வராது. யார் பாடப்போகிறார் என்பது கதவைத் திறந்துவிடும்போதே அவருக்குத் தெரிந்துவிடுவதால் இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

சிக்கல் வேறொன்று. அந்தக் கைகளுக்கு முகதாட்சண்யம் கிடையாது. பாட்டு மனதைத் தொட்டால்தான் முந்நூறு பேர் தட்டுவார்கள். சுமாராக இருந்தால் முப்பது பேர். ஒருமுறை மேலதிகாரியின் மைத்துனர் புல்லாங்குழல் வாசித்தபோது நாலே நாலு பேர் தட்டிய சத்தமும், அதில் ஒருவர் கொட்டாவி விட்ட சத்தமும் ஊர் முழுக்க ஒலிபரப்பாகி, நிகழ்ச்சி அதிகாரிக்கு மேலிடத்தில் செமத்தியாக மண்டகப்படி நடந்தது. இந்த அதிகாரியும் சபையாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். ஒருவர் படித்து மேலே போனார், மற்றவர் கதவோடு நின்றார். நிலையத்துக்கு உள்ளே "சார்", வெளியே டீக்கடையில் "டா". இரண்டையும் சபையார் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. மண்டகப்படி நடந்த அன்று சாயங்காலம் அதிகாரி டீயை ஆற்றிக்கொண்டே, "உனக்குப் பிடிச்ச பாட்டுன்னு ஒண்ணு இருக்கும்ல? எவன் பாடினாலும் அதை நெனச்சுக்கிட்டுத் தட்டித் தொலையேன்டா" என்றார்.

சபையாருக்குப் பிடித்த பாட்டு அவர் மகள் பாடுவது. அப்போது அவள் சின்னப் பெண். தலை துவட்டும்போதும், பள்ளிக்கூடப் பையில் எதையோ தேடும்போதும் தன்பாட்டுக்குப் பாடுவாள். அந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கினாலும் அவர் எழுந்து போகமாட்டார். அதையே நினைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தார். முந்நூறு பேரும் வந்துவிட்டார்கள். அதன் பிறகு பல வருடங்களாக அந்த நிலையத்தில் பாடிய நல்லவர், சுமாரானவர், சிபாரிசில் வந்தவர் எல்லாருக்கும் விழுந்த கைதட்டல் உண்மையில் அந்தப் பெண்ணுக்கு விழுந்தது. அவளுக்கு அது தெரியாது. அவள் வளர்ந்தாள், முறையாகப் பாட்டுக் கற்றாள், நிலையத்தின் குரல் தேர்விலும் தேறினாள். தேறி என்ன, வாய்ப்பு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அதிகாரி, "அடுத்த தடவை கண்டிப்பா" என்று சபையாரின் தோளில் தட்டுவார். தோளில் தட்டுவதில் அவருக்கு நல்ல கைராசி. சபையாரும் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொல்வார். மனைவி வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தாமல், "ஆமாமா, அவர் சொன்னா சொன்னதுதான்" என்பாள். அந்தக் குரலில் இருந்த குத்தல் அவருக்குப் புரியாமல் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை நிலையம் ஒரு முழு நாளைச் செவ்வியல் இசைக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் ஒதுக்கும். அன்று விலைவாசிச் செய்தி கிடையாது, விளம்பரம் கிடையாது, காலை முதல் இரவு வரை ஊர் பாட்டுக் கேட்கும். அந்த வருடம் அதிகாரி டீக்கடையில் உட்கார்ந்து, எந்த முன்னுரையும் இல்லாமல், "நாலு மணி உன் பொண்ணுக்குடா" என்றார். நாலு மணி என்பது ஊரே தூங்கி எழுந்து காதைத் தீட்டிக்கொள்கிற நேரம். சபையாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ சொன்னார். வீட்டில் சொன்னபோது மகள் உள்ளே போய்த் தம்புராவின் தூசியைத் துடைத்தாள். மனைவி அந்த ஒரு முறை குத்தலாக எதுவும் சொல்லவில்லை. தெருவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அன்று நாலு மணிக்குத் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

அந்த நாள் வந்தது. காலையில் வீணைக்குத் தட்டினார், அதற்கு அடுத்து இசை வரலாறு பற்றிய உரைக்குத் தட்டினார், பத்து மணிக்குக் கவியரங்கத்துக்குத் தட்டினார். கவிஞர்களுக்குத் தட்டுவது முதுகை ஒடிக்கிற வேலை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி எதிர்பார்ப்பார்கள். மதியம் ஒரு நாடகம், அதன் முடிவில் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எல்லாவற்றுக்கும் மகளை நினைத்துக்கொண்டே தட்டினார். இன்று நினைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு மணி நேரம் வருகிறது என்ற எண்ணத்தில் அவருக்கு உள்ளங்கை எரிந்ததுகூடத் தெரியவில்லை. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மகள் வந்தாள். கனமான அந்தக் கதவை, எத்தனையோ பேருக்குத் திறந்துவிட்ட கதவை, அவளுக்குத் திறந்துவிட்டார். "பயமா இருக்குப்பா" என்றாள். "உள்ள யாரும் இல்லம்மா, நான்தான் இருக்கேன்" என்று சொல்லிக் கதவை மூடிவிட்டு, தன் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் உட்கார்ந்தார்.

அவள் பாடியதைப் பற்றி ஊரில் இன்றும் பேசுகிறார்கள். முதலில் மெல்லத் தொடங்கி, ராகத்தின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, மேலே போனதும் அங்கேயே நின்றுகொண்டாள் என்றும், அந்த நேரத்தில் தெருவில் போன பேருந்து ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இயந்திரத்தை அணைத்தார் என்றும் சொல்வார்கள். பச்சை விளக்கு எரிந்தது. சபையார் தட்டினார். முந்நூறு பேர் இல்லை, எவ்வளவு பேர் என்று சொல்ல முடியாது. அறையில் அடுக்கியிருந்த இசைத்தட்டுகள் உறையைவிட்டு எழும்பின, சுண்ணாம்பு உதிர்ந்தது, சன்னல் விளிம்பில் இருந்த புறாக்கள் கலைந்து பறந்தன. கைக்குழந்தைகூட அன்று அழவில்லை. விளக்கு அணைந்த பிறகும் கைகள் நிற்கவில்லை. ஒலிப்பதிவுக்காரர் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அப்பாவும் மகளும் நிலையத்தின் உணவகத்தில் போய் உட்கார்ந்து டீ வாங்கினார்கள். இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது. அந்த டீ ஆறுவதற்குள் அடுத்த மேசைக்கு அதிகாரி வந்தார். தொலைபேசி இயக்குபவர் பின்னாலேயே ஓடி வந்து, "சார், போனை வைக்க முடியல சார். ஊரே உங்க பொண்ணைப் பத்தித்தான் கேக்குது. இப்படிப் பாடுவாங்கன்னு சொல்லவே இல்லையே சார்!" என்றார். கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து வந்து அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதிகாரி சபையார் இருந்த பக்கம் திரும்பாமல் எல்லாருக்கும் நன்றி சொன்னார். மகள் டீயைக் கீழே வைத்தாள். நாலு மணிக்கு ஊருக்குச் சொல்லப்பட்ட பெயர் அதிகாரியின் மகளுடையது என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சபையாருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பியவனுக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சத்தியமாத் தெரியாதும்மா."

"ஆனா நீங்கதானே தட்டினீங்க."

அவள் தம்புராவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தாழ்வாரத்தில் அதிகாரியை மடக்கினார். "ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றார். நிலையத்துக்கு உள்ளே அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அதிகாரி முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். "மெதுவாப் பேசு. மேலிடத்துல எல்லார்கிட்டயும் என் பொண்ணு பாடுறான்னு சொல்லி வெச்சிருந்தேன். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் பயத்துல தொண்டை கட்டிக்கும், உனக்குத் தெரியாததா? இன்னிக்கும் கட்டிக்கிச்சு. கைவசம் ஒரு ஆள் வேணும்ல, அதான் உன் பொண்ணையும் வரச் சொன்னேன்." ஒலிபரப்பில் இப்படிக் கைவசம் ஒருவரை வைத்திருப்பது வழக்கம்தான். வித்வான் வராவிட்டால் உட்கார்ந்து வாசிக்க ஒரு ஆள் எப்போதும் வாசலில் காத்திருப்பார். ஆனால் வாசித்தவர் பெயரைத்தான் சொல்வார்கள். சபையார் அதைக் கேட்டார். அதிகாரி அவர் தோளில் கை வைத்து, "ஒரு மணி நேரம், அதுல அவ என்ன தேஞ்சா போயிட்டா? அடுத்த வருஷம் அவ பேர்லயே வெச்சிடலாம். நான் சொன்னதை மட்டும் ஊர் நம்பியிருக்காதுடா. நீ தட்டினே பாரு, அதுலதான் நம்பிச்சு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் முதுகில் குத்தியது ஒரு வலி. குத்திய கத்தியைத் தன் கையாலேயே தீட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய வலி.

ஆறு மணிக்கு அன்றைய நாளின் பெரிய கச்சேரி. வயதான பாடகர் ஒருவர், ஆனானப்பட்டவர்களெல்லாம் எழுந்து நிற்கும் மனிதர், குறையே சொல்ல முடியாமல் பாடினார். சபையாருக்கு வீட்டுக்கு ஓட வேண்டும் போலிருந்தது, ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. பச்சை விளக்கு எரிந்தது. வழக்கம்போல மகளை நினைத்தார். டீயைக் கீழே வைத்த முகம்தான் வந்தது. கைகள் ஒருமுறை சேர்ந்தன. கைதட்டல் வரவில்லை. ஒரு நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. வரிசை வரிசையாக எழுந்தார்கள். செருப்பைத் தேடினார்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள், "வாங்க போலாம்" என்று ஒரு பெரியவர் யாரையோ கூப்பிட்டார். யாரும் திட்டவில்லை, கூச்சல் போடவில்லை. பூட்டியிருந்த அந்தக் கனத்த கதவு திறந்து மூடும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. முந்நூறு பேர் ஒரு கதவு வழியாக வெளியேற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் அது ஒலிபரப்பானது. கடைசிச் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அறிவிப்பாளர் அம்மா, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்றார். வயதான பாடகர் தன் பாட்டுக்குத்தான் இப்படி ஆனது என்று நினைத்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சபையார் ஓடிப்போய், "உங்களுக்கு இல்லீங்கய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் நடந்ததை அவர் பிறகு கேள்விப்பட்டார். நாலு மணிக்குத் தெருவே கூடியிருந்தது. வானொலி ஒரு பெயரைச் சொன்னது, அந்தப் பெயரில் மகளின் குரல் வந்தது. மனைவிக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, பெற்றவளுக்குத் தெரியாதா? பாட்டு முடிந்து, வானொலிப் பெட்டி மேசையில் துள்ளும் அளவுக்குக் கைதட்டல் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும். ஆமா, உங்க பொண்ணு எப்பப் பாடுவா?" என்று கேட்டாள். "இதோ, அடுத்ததுதான்" என்றாள் மனைவி. ஒவ்வொருவராக எழுந்து போகும்வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக் கச்சேரி முடிந்து எல்லாரும் வெளியேறும் சத்தம் கேட்டபோது அவள் ஒருத்திதான் பெட்டிக்கு எதிரில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதே செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டது. எழுந்து போய் முற்றத்தின் கதவைத் திறந்துவிட்டாள். தெருவில் யாரும் தெரியவில்லை. ஆனாலும் கடைசி ஆள் உள்ளே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து சபை அந்த வீட்டு முற்றத்தில்தான் கூடுகிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வருவார்கள், நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், தொண்டையைச் செருமுவார்கள், காத்திருப்பார்கள். மகள் பாடவில்லை. ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் கால் வைக்காமல் பின்வாசல் வழியாக உள்ளே போவாள். இருட்டியதும் அவர்கள் எழுந்து போவார்கள், மறுநாள் மறுபடி வருவார்கள். "பேரு தெரியாம தட்டினவங்கதானே, காத்திருக்கட்டும்" என்று அவள் ஒருமுறை சொன்னது சபையாரின் காதிலும் விழுந்தது. மனைவி துணி காயப்போடும்போது, "கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க" என்பாள், மடக்கிக்கொள்வார்கள். தெருவில் இருந்தவர்கள் முதல் வாரம் எட்டிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சபையாரின் கைகளில் இப்போது எல்லாருக்கும் வருகிற சத்தம்தான், வறண்ட இரண்டு உள்ளங்கைகளின் சத்தம். நிலையத்தில் பழைய கைதட்டலைப் பதிவிலிருந்து போட்டுப் பார்த்தார்கள்; அதிலும் நாற்காலி நகர்வதுதான் கேட்டது. ஓய்வு பெறும்வரை அவர் கதவைத் திறந்து மூடினார். அதிகாரியிடம் பேசவில்லை, டீக்கடைப் பக்கமும் போகவில்லை. அதிகாரியின் மகளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை நம்பி ஊரூராக அழைப்பு வந்தது. போய்ப் பாடினாள். வானொலியில் கேட்டது மாதிரி இல்லையே என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். ஒருநாள் பாட்டையே மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு வங்கியில் வேலைக்குப் போனாள். அவளுக்கும் அது துரோகம்தான், பாவம்.

சில வருடங்கள் கழித்து ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்த மகள் பின்வாசல் வழியாகப் போகாமல் தம்புராவுடன் முற்றத்துக்கு வந்தாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பாடினாள். பாடி முடித்ததும் தட்ட எழுந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, வானொலியில் அறிவிப்பதுபோலத் தன் பெயரைத் தானே சொன்னாள். அதன் பிறகுதான் தட்டவிட்டாள். அதுவே வழக்கமாயிற்று: பாட்டு, பெயர், கைதட்டல். பெயரை மட்டும்தான் சொன்னாள். முன்னால் வரவேண்டிய தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி சபையார் ஒவ்வொரு நாளும் அந்த எழுத்துக்காகக் காத்திருந்தார். நின்றபடிதான். எங்கே உட்காரப் போனாலும் அங்கே ஏற்கனவே ஒருவர் இருந்தார், யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. நகரச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

நிகழ்ச்சி அதிகாரியும் ஓய்வு பெற்றார். ஒருநாள் பாட்டுத் தொடங்கும் நேரத்தில் முற்றத்துக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது, கையில் ஒரு பழப்பை. துணிக்கொடியும் இரண்டு செடித் தொட்டியும் மட்டும் இருந்த முற்றத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வந்து ஒரு ஓரமா உக்காந்து கேட்டுட்டுப் போறேன்டா. எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியத் திருப்பிக்குவே?" என்றார். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மகள் தம்புராவை மீட்டுவதை நிறுத்தினாள். சபையாருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரைப் பார்த்தாலும் பாவமாக இருக்கும் மனிதர் அவர். இத்தனை வினையும் அதில் தொடங்கியதுதான்.

"எடம் இல்லடா" என்றார். "நானே நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

அதிகாரி இன்னொரு முறை முற்றத்தைப் பார்த்தார். உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள், ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. இடமில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. பழப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் நின்றார். மகள் பாடினாள். அன்று நெடுநேரம் பாடினாள். முடிந்ததும் கையமர்த்திவிட்டு, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சேர்த்துத் தன் பெயரைச் சொன்னாள். கைதட்டல் எழுந்து ஓட்டு வீடுகளைத் தாண்டிப் போயிற்று. சபையார் தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்து இடம் விடும் சத்தம் கேட்டது. அவர் போய் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் உயரம் குறைவு, மற்றபடி வசதியாகத்தான் இருந்தது.